இறக்கத்தில் ஒரு பலகை

மூச்சு வாங்குகிறது என்று
நாங்கள் இருவரும் ஒப்புக்கொள்வதில்லை.
"ஒரு பலகை நிக்குது, வாசிச்சிட்டுப் போவம்"
என்பான் நிமலன்.
நீலத் தகரம், மஞ்சள் எழுத்து.
இந்தப் பக்கத்தில்
ஏற்றம் பாதி ஏறியதும்
எப்படியோ ஒரு வரலாறு வந்து நிற்கும்.

அப்படித்தான் தெரிந்துகொண்டோம்
இந்த மேட்டில் ஒரு மாவு ஆலை ஓடியதை,
ஒரு பாதிரியார் மூன்று குளிர்காலம் தாக்குப்பிடித்ததை,
இன்னாருடைய மாமனார்
இன்னாருக்கு நிலம் விற்றதை.
நெஞ்சிடி அடங்கும்வரை
எதையும் இரண்டு தடவை வாசிக்கலாம்.
ஆலைக்காரர் பெயரை
மூன்று தடவை வாசித்தேன்.
இப்போது கேட்டால் தெரியாது.

வரைபடத்தில் இந்த ஏரிகள் விரல்கள்.
விரலோடு விரலாக
வடக்கே தெற்கே போகிறவர்களுக்குத்
தண்ணீர், திராட்சைத் தோட்டம், தட்டையான தார்ச்சாலை.
குறுக்கே போகிறவர்களுக்கு
விரலுக்கு விரல் நடுவே ஒரு மலை.
குறுக்கே போவது என் யோசனை.
இரண்டு நாளாக
அதை அவன் சொல்லிக்காட்டவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு
பல்சக்கரத்தை மட்டும் மாற்றினான்.

நேற்று செனகா ஃபால்ஸில்
அந்தக் காலத்துப் பெண்கள்
வாக்குரிமை கேட்டுக் கூடிய தேவாலயத்துக்கு எதிரே
எனக்குப் பஞ்சர்.
டயர் நெம்புகோலை அவன் கையில் எடுத்தான்.
நான் ஒன்றும் பேசவில்லை,
அந்தச் செங்கல் சுவரைப் பார்த்தேன்.
நெம்புகோலை என்னிடம் கொடுத்துவிட்டு
ஐஸ்கிரீம் வாங்கப் போனான்.

இன்று ஒவாஸ்கோ ஏரியிலிருந்து ஏறியது
ஒன்றே முக்கால் மணி நேரம்.
எதிர்க்காற்று. சோளம். மாட்டுச்சாண நெடி.
ஒரு பண்ணை நாய்
தன் எல்லைவரை விரட்டிவந்து
வேலை முடிந்ததுபோல் திரும்பியது.
உச்சியில் ஆளில்லாத ஒரு பழக்கடை,
காப்பித் தகரம்தான் கல்லாப்பெட்டி.
ஐந்து டாலர் போட்டு ஆறு பீச் எடுத்தோம்.
"ஒண்டு கூட எடுத்தாலும் ஆருக்குத் தெரியும்"
என்றவன் எடுக்கவில்லை.

பிறகு கயூகா தெரிந்தது.
யாரோ மேற்கே கழுவி உலர்த்தியதுபோல்
ஒரு நீளத் துண்டு வெளிச்சம்.
மிதிக்கவே வேண்டாம்.
சட்டை படபடக்க, கண்ணில் நீர் வழிய
நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு,
நான் கத்தினேன்; என்ன கத்தினேன் என்று
காற்றுக்குத்தான் தெரியும்.

அந்த இறக்கத்தில் அவன் பிரேக் பிடித்தான்.

இடிபோல் ஒரு கீச்சு.
கடந்து போய், நின்று, உருட்டிக்கொண்டு மேலே வந்தேன்.
நீலத் தகரம், மஞ்சள் எழுத்து.
இங்கே கயூகா மக்களின் ஊர் இருந்தது.
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்பது, செப்டம்பர்.
படை வந்து வீடுகளை எரித்தது.
பழத்தோட்டத்தை வெட்டியது.
ஆயிரத்தைந்நூறு பீச் மரங்கள்.

"வெட்டினவன் எண்ணியிருக்கிறான் பார்" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"எங்கட பனையளை
பங்கருக்குத் தறிக்கேக்க
ஒருத்தனும் எண்ணேல்லை."

நான் கோயம்புத்தூர்க்காரி.
பதினெட்டு வருடமாக
அவன் நிறுத்துகிற இடத்தில்
நானும் நின்றுவிடுகிறேன்.
இன்று, "எத்தனை இருக்கும்?" என்று கேட்டேன்.
அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு
உதடு அசைய எண்ணத் தொடங்கினான்,
வளவு வளவாக, வேலி வேலியாக.
அறுபதைத் தாண்டியதும்
ஒரு லாரி வந்து போனது.
விட்ட இடம் தெரியவில்லை.

ரிம் கொதித்தது. ஆறட்டும் என்று
பையில் நசுங்காத இரண்டு பழத்தை எடுத்தேன்.
முழங்கை வரை சாறு.
இனிப்பாகத்தான் இருந்தது,
அதற்கு என்ன செய்ய.

அந்தப் பலகையை ஒரே தடவைதான் வாசித்தேன்.
ஊரின் பெயர்
இன்னும் வாயில் சரியாக வரவில்லை.
கீழே அரோராவில் விடுதி, சுடுநீர், பாஸ்தா.
இன்னும் இரண்டு மைல், மிதிக்க வேண்டாம்.
கொட்டைகளை எங்கே போடுவது என்று தெரியாமல்
இருவரும்
ஒரு கையால் மட்டும் பிரேக் பிடித்து
மெதுவாக இறங்கினோம்.